தொழில் நடத்துறவங்க மனசை எப்படி பாத்துக்கணும்: ஸ்டெப் ஸ்டெப்பா ஒரு முழு வழிகாட்டி

சம்பளம் போடவேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி, மணி 2:40. வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் கிச்சன்ல லைட்கூட போடாம உட்கார்ந்து பேங்க் ஆப்பை கீழ இழுத்து இழுத்து ரெஃப்ரெஷ் பண்ணிட்டு இருக்கேன். அந்த நேரத்துக்கு எந்த கஸ்டமரும் பணம் அனுப்ப மாட்டாங்கன்னு தெரியும், இருந்தாலும் கை நிக்கல. 11 பேருக்கு சம்பளம் போடணும், அக்கவுண்ட்ல இருந்தது 7 பேருக்குத்தான் வரும். காலைல குளிச்சு நல்ல சட்டை போட்டுட்டு போய் டீம் முன்னாடி நின்னு எல்லாம் நல்லா போகுதுன்னு சிரிச்சிட்டே சொன்னேன். இப்படியே 5 மாசம் ஓடுச்சு. ஒரு ஆள்கிட்ட வாய் திறக்கல.

நான் 9 வருஷமா சின்னதா ஒரு தொழில் நடத்துறேன். டாக்டர் இல்ல, கவுன்சிலரும் இல்ல. ஆனா அந்த 5 மாசத்துக்கு அப்புறம் இந்த விஷயத்தை தேடித்தேடி படிச்சேன், டாக்டர்கிட்ட போனேன், என்னை மாதிரி தொழில் பண்றவங்க நிறைய பேர்கிட்ட மணிக்கணக்கா பேசினேன். அதுல ஒண்ணு எனக்கு உறுதியா புரிஞ்சுது. அப்ப என்னை படுக்க வெச்சது பணப்பிரச்சனையைவிட அதை யாருக்கும் தெரியாம மூடி வெச்சிருந்ததுதான். ஏன்னா அதுக்கப்புறம் அதைவிட பெரிய பணப்பிரச்சனை எல்லாம் வந்திருக்கு, அப்பல்லாம் நான் தூங்கினேன், சாப்பிட்டேன், வீட்ல பேசினேன். வித்தியாசம் என்னன்னா பின்னாடி வந்த அந்த நெருக்கடிகள்ல விஷயம் தெரிஞ்சவங்க 3 பேர் இருந்தாங்க.

"எனக்கு மட்டும்தான் இப்படியா"ன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல். கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட சான் ஃபிரான்சிஸ்கோ கிளைல மைக்கேல் ஃப்ரீமன்ங்கற சைக்யாட்ரிஸ்ட்டும் அவர் குழுவும் 2015-ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. தொழில் நடத்துற 242 பேர்கிட்ட கேட்டதுல 49% பேர் வாழ்க்கைல எப்பவாவது ஒரு மனநலப் பிரச்சனை இருந்திருக்குன்னு சொன்னாங்க, ஒப்பிட்டுப் பாக்க எடுத்த மத்தவங்கள்ல அது 32%. மனச்சோர்வு மட்டும் 30% பேருக்கு. இது அவங்களே சொன்ன கணக்கு, சின்ன ஆய்வு. தொழிலால மனசு கெட்டுச்சா, இல்ல அப்படிப்பட்ட மனசு உள்ளவங்கதான் தொழில் பக்கம் அதிகமா வர்றாங்களான்னும் இதை வெச்சு சொல்ல முடியாது. ஆனா பக்கத்து ஆஃபீஸ்ல கலகலன்னு பேசிட்டு இருக்கற முதலாளிக்கும் இது இருக்கலாம்னு நினைக்கறதுக்கு இது போதும்.

ஸ்டெப் 1: இப்ப எந்த நிலைமைல இருக்கீங்கன்னு பாருங்க

தொழில் பண்றவங்ககிட்ட "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா கம்பெனி எப்படி இருக்குன்னுதான் பதில் வரும். நானும் அப்படித்தான். அதனால உங்க ஃபீலிங்கை நம்பாம ஒரு பேப்பரை எடுத்து உட்காருங்க.

பிஹெச்க்யூ-9ன்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, உலகம் பூரா டாக்டர்கள் பயன்படுத்தறாங்க, இலவசமா கிடைக்கும். 9 கேள்விதான். கடந்த 2 வாரத்துல எதுலயும் ஆர்வம் இல்லாம இருந்துச்சா, மனசு இறங்கிப்போய் இருந்துச்சா, தூக்கம், பசி, களைப்பு, கவனம், நான் எதுக்கும் லாயக்கில்லங்கற எண்ணம், இப்படி ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 3 வரைக்கும் மார்க் போடணும். மொத்தம் 27. 5-ல இருந்து லேசான அறிகுறி, 10-ஐத் தொட்டாலே டாக்டரைப் பாக்கணும், 20-ம் அதுக்கு மேலயும் ரொம்ப தீவிரம். 9-வது கேள்வி செத்துட்டா நல்லா இருக்கும்ங்கற எண்ணம் வருதாங்கறது. அதுல 0-வைத் தவிர வேற எது வந்தாலும் மொத்த மார்க்கைப் பாக்காதீங்க, நேரா ஸ்டெப் 9-க்கு போயிடுங்க. பதட்டத்துக்கு ஜிஏடி-7ன்னு இதே மாதிரி 7 கேள்வி இருக்கு, அதுலயும் 10-ஐத் தொட்டாலே டாக்டர். இதெல்லாம் உங்களுக்கு என்ன நோய்னு முடிவு சொல்லாது, டாக்டரைப் பாக்கணுமா வேண்டாமான்னு காட்டும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு பர்ன் அவுட். இந்த வார்த்தையை 1974-ல மனநலத்துறைக்குள்ள கொண்டுவந்தது ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர்ங்கற சைக்காலஜிஸ்ட், இலவச கிளினிக்ல ராவும் பகலுமா வேலை பாத்து அவரே அந்த நிலைமைக்கு போனவர். உலக சுகாதார நிறுவனம் 2019-ல இதை நோய்களை வகைப்படுத்தற தன்னோட ஐசிடி-11 பட்டியல்ல நோயா இல்லாம வேலை சம்பந்தப்பட்ட நிலையா சேர்த்துச்சு. அதுக்கு அவங்க சொல்ற அடையாளம் 3: சக்தி வத்திப்போறது, வேலை மேல ஒரு வெறுப்பும் விலகலும் வர்றது, செய்யற வேலைல திறமை குறைஞ்ச மாதிரி தோணறது. என்னை கேட்டா அந்த ரெண்டாவதுதான் தொழில் பண்றவங்களை முதல்ல காட்டிக்கொடுக்கும். ஒரு காலத்துல நீங்க ஓடி ஓடி போய் பாத்த கஸ்டமரோட பேர் இப்ப போன்ல வந்தா வயிறு இறுகுது, எடுக்காம விட்டுடறீங்கன்னா அதை குறிச்சு வெச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சுவலி, மூச்சு திணறல், கை மரத்துப்போறது இதெல்லாம் வந்தா டென்ஷன்தான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, முதல்ல உடம்புக்கு டாக்டரைப் பாருங்க.

ஸ்டெப் 2: தூக்கத்தை முதல்ல சரி பண்ணுங்க

மத்த எல்லா ஸ்டெப்புக்கும் தெளிவான தலை வேணும், அதனால இதை தள்ளிப்போடாதீங்க. 2003-ல வந்த ஒரு பிரபலமான ஆய்வுல 14 நாள் தொடர்ந்து ராத்திரிக்கு 6 மணி நேரம் மட்டும் தூங்க விட்டு பாத்தாங்க. கடைசில அவங்க கவனமும் ஞாபகமும் 2 ராத்திரி வரைக்கும் கண்ணே மூடாதவங்க அளவுக்கு இறங்கிப்போச்சு. பயமா இருக்கறது அது இல்ல, அந்த இறக்கம் அவங்களுக்கே பெருசா தெரியல. "எனக்கு 5 மணி நேரம் போதும், பழகிடுச்சு"ன்னு சொல்றவங்களை எல்லாம் நான் அதுக்கப்புறம் கவலையோட பாக்க ஆரம்பிச்சிட்டேன், நானும் அதையே சொல்லிட்டு திரிஞ்சவன்தான். பெரியவங்களுக்கு குறைஞ்சது 7 மணி நேரம் வேணும்.

ராத்திரி படுத்ததும் மண்டைக்குள்ள லிஸ்ட் ஓடுதா? படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் நாளைக்கு செய்யவேண்டியதை பேப்பர்ல எழுதுங்க. 2018-ல 57 பேரை வெச்சு ஒரு லேப்ல இதை சோதிச்சாங்க, செய்யவேண்டியதை எழுதினவங்க செஞ்சு முடிச்சதை எழுதினவங்களைவிட சுமார் 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கினாங்க. எவ்வளவு விவரமா எழுதறீங்களோ அவ்வளவு நல்லது. "பேமெண்ட் விஷயம்"னு எழுதினா மண்டை விடாது, "காலைல 10 மணிக்கு அந்த கஸ்டமரோட அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு போன், 2 பில் பத்தி கேக்கணும்"னு எழுதுங்க. காஃபி விஷயத்துல கறாரா இருங்க, அதுல இருக்கற காஃபீன்ல பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால மத்தியானத்தோட நிறுத்திக்கறது நல்லது. நடு ராத்திரி முழிப்பு வந்து 20 நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து வேற இடத்துல மங்கலான வெளிச்சத்துல உட்காருங்க, தூக்கம் வந்ததும் திரும்பி வாங்க, ஆனா போன் படுக்கை ரூமுக்கு வெளியவே இருக்கணும். வாரத்துல பாதி நாள் இப்படி தூக்கம் கெட்டு மாசக்கணக்கா ஓடுதுன்னா சிபிடி-ஐன்னு தூக்கமின்மைக்குன்னே ஒரு பேச்சு சிகிச்சை இருக்கு, மாத்திரைக்கு முன்னாடி அதைத்தான் பரிந்துரைக்கறாங்க, டாக்டர்கிட்ட அந்த பேரைச் சொல்லியே கேளுங்க.

தூங்காத ராத்திரிக்கு மறுநாள் ஆளை வேலைல இருந்து எடுக்கறது, கடன் பேப்பர்ல கையெழுத்து போடறது, பார்ட்னர்கிட்ட "இனி முடியாது"ன்னு சொல்றது, மூணும் வேண்டாம். ஒரு நாள் தள்ளி வைங்க.

ஸ்டெப் 3: பயத்தை நம்பரா மாத்துங்க

இங்க கொஞ்சம் நிதானமா வாங்க, எனக்கு அதிகமா பலன் கொடுத்தது இதுதான்.

பணக்கவலை வெறும் கவலை மட்டும் இல்ல, யோசிக்கற சக்தியையே தின்னுடும். 2013-ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னாடி கை காய்ஞ்சு இருக்கும்போது ஒரு தடவையும், அறுவடை முடிஞ்சு பணம் வந்ததும் ஒரு தடவையும் யோசிக்கற திறமைக்கு டெஸ்ட் வெச்சு பாத்தாங்க. அதே ஆள், அதே மூளை, பணம் இல்லாத நேரத்துல மார்க் தெளிவா குறைஞ்சிருந்துச்சு. அதனால நெருக்கடியான மாசத்துல சின்ன முடிவுகூட எடுக்க முடியாம தடுமாறினா "நான் மக்காயிட்டேன்"னு உங்களையே திட்டிக்காதீங்க, மண்டைல பாதி இடத்தை வேற ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கு.

அந்த இடத்தை காலி பண்ண 13 வாரக் கணக்கு போடுங்க. நொடிஞ்ச கம்பெனிகளை தூக்கி நிறுத்தறவங்க முதல் வேலையா செய்யறதே இதுதான். ஒரு ஷீட்ல நெடுக்கா 13 கட்டம், ஒவ்வொண்ணும் ஒரு வாரம். மேல வாரம் தொடங்கும்போது கைல இருக்கற பணம், அடுத்து உள்ள வர்றது, அடுத்து வெளிய போறது, கடைசில மிச்சம், அந்த மிச்சம் அடுத்த வாரத்தோட தொடக்கம். உள்ள வர்றதுல ஒரு விஷயத்தை மட்டும் உறுதியா கடைபிடிங்க: பில் போட்ட தேதியை எழுதாதீங்க, அந்த கஸ்டமர் வழக்கமா எத்தனை நாள் கழிச்சு கொடுப்பாரோ அந்த தேதியை எழுதுங்க. "கண்டிப்பா வந்துடும்"னு மனசு சொல்றது எல்லாம் இந்த ஷீட்டுக்கு வெளிய. வெளிய போறதை மூணா பிரிங்க: தள்ளவே முடியாதது, பேசினா தள்ளலாம், இன்னிக்கே நிறுத்தலாம்.

இதோட கூடவே எத்தனை மாசம் தாங்கும்னும் பாருங்க. கைல 60 இருக்கு, மாசம் 15 போகுது 5 வருதுன்னா 10 குறையுது, அப்ப 6 மாசம். வரவு பாதியானா? 12.5 குறையும், 5 மாசத்துக்கு கொஞ்சம் குறைவு. இந்த ரெண்டாவது நம்பரையும் பக்கத்துலயே எழுதி வைங்க.

நான் முதல் தடவை இதை போட்டப்ப கை நடுங்குச்சு, 4 நாள் தள்ளிப்போட்டேன். 5-வது நாள் உட்கார்ந்து முடிச்சப்ப 9-வது வாரத்துல பணம் தீருதுன்னு வந்துச்சு. நல்ல செய்தி இல்லதான். ஆனா அதுவரைக்கும் என் மண்டைக்குள்ள அது தினமும் நாளைக்கே தீந்துடும்னு இருந்துச்சு. 9 வாரம்னா 9 திங்கட்கிழமை இருக்கு, 9 தடவை யாருக்காவது போன் பண்ணலாம். அன்னிக்கு ராத்திரி நான் 6 மணி நேரம் தூங்கினேன், பல மாசத்துக்கு அப்புறம்.

வாரம் ஒரு தடவை, ஒரே நாள், ஒரே நேரத்துல இந்த ஷீட்டை அப்டேட் பண்ணுங்க. மத்த நேரம் பேங்க் ஆப்பை திறக்க வேண்டாம், போனோட முதல் பக்கத்துல இருந்தே எடுத்துடுங்க. அப்புறம் இதே உட்கார்றதுலயே எந்தெந்த கடனுக்கு சொந்தப் பொறுப்புல கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு லிஸ்ட் எடுங்க, பாதி பேருக்கு இது சரியா ஞாபகம் இருக்காது. வீட்டுப் பணத்துல இருந்து இதுக்கு மேல தொழிலுக்கு எடுக்க மாட்டேன்னு ஒரு எல்லையும் எழுதுங்க, எழுதி இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. அந்த எல்லையை நிம்மதியான நாள்ல போடணும், பதறிட்டு இருக்கறப்ப போடற எல்லை தினமும் நகரும்.

ஸ்டெப் 4: ஒரே ஒரு ஆள்கிட்ட முழுசா சொல்லுங்க

முழுசான்னா முழுசாதான். "கொஞ்சம் டைட்டா போகுது"ங்கறது சொன்னதுல சேராது. எவ்வளவு கடன், எத்தனை வாரம் தாங்கும், ராத்திரி என்ன நினைப்பு வருது, இதெல்லாம்.

யார்கிட்ட? உங்ககிட்ட சம்பளம் வாங்கறவங்ககிட்ட வேண்டாம், அது அவங்க மேல சுமையை இறக்கி வெக்கற மாதிரி. பணம் போட்டவங்ககிட்ட இதுதான் முதல் பேச்சா இருக்க வேண்டாம், அவங்களுக்கு தனியா நம்பரோட போங்க. கேட்ட உடனே "இதை பண்ணு அதை பண்ணு"ன்னு ஆரம்பிக்கறவங்களும் முதல் ஆளா சரிப்பட மாட்டாங்க. தொழில் நடத்தின அனுபவம் உள்ள, உங்க தொழிலோட எந்த கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஒருத்தர் கிடைச்சா நல்லது. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலைன்னா இப்படி ஒரு மெசேஜ் போடுங்க: "ஒரு விஷயம் பேசணும், ஒரு மணி நேரம் வேணும். எனக்கு இப்ப யோசனை வேண்டாம், கேட்டா மட்டும் போதும்." அந்த கடைசி வரி முக்கியம், எதிர்ல இருக்கறவங்களுக்கும் அது ஒரு நிம்மதி.

சொல்றதுக்கு ஏன் இவ்வளவு பலம்னா, உணர்ச்சிக்கு வார்த்தை கொடுக்கறதே மூளைல வேலை செய்யுது. 2007-ல மேத்யூ லீபர்மேன்ங்கற சைக்காலஜிஸ்ட்டோட குழு மூளையை ஸ்கேன் பண்ணி பாத்தாங்க, கோபமான பயந்த முகங்களைப் பாத்துட்டு அது என்ன உணர்ச்சின்னு பேர் சொன்னப்ப அபாயத்துக்கு துடிக்கற அமிக்டலாங்கற பகுதியோட வேகம் குறைஞ்சுது. "ஒரு மாதிரியா இருக்கு"ங்கறதைவிட "அசிங்கமா இருக்கு, மாட்டிக்குவேனோன்னு பயமா இருக்கு"ன்னு சொல்றது மேல். பேச ஆளே இல்லைன்னா எழுதுங்க, தொடர்ந்து 4 நாள், தினமும் 15 நிமிஷம், எழுத்துப்பிழை எல்லாம் பாக்காம. ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கற சைக்காலஜிஸ்ட் 1980-கள்ல இருந்து ஆராய்ச்சி பண்ணின முறை இது. எழுதி முடிச்சதும் கொஞ்ச நேரம் மனசு இன்னும் கனக்கும், அப்புறம் இறங்கும்.

வீட்டுக்கு வர்றேன். நான் என் மனைவிகிட்ட 5 மாசம் மறைச்சேன், அவளை காப்பாத்தறேன்னு நினைச்சுட்டு. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு தட்டு கழுவிட்டு இருக்கறப்ப திடீர்னு சொல்லிட்டேன். அவ குழாயை மூடினா. கையை துடைச்சா. "மொத்தம் எவ்வளவுங்க?"ன்னு கேட்டா. சொன்னேன். பையனோட பழைய ரஃப் நோட்டை எடுத்துட்டு வந்து எதிர்ல உட்கார்ந்து, "ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதறேன்"னா. கடைசி வரைக்கும் திட்டல. எல்லாம் எழுதி முடிச்சிட்டு ஒண்ணு சொன்னா: "நீங்க ராத்திரி எழுந்து போறது எனக்கு தெரியும். வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சேன்." அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கல. மறைக்கறதுனால வீட்ல இருக்கறவங்க நிம்மதியா இல்ல, உண்மையைவிட மோசமா எதையோ கற்பனை பண்ணிட்டு தனியா படுத்திருக்காங்க.

எல்லா வீடும் இப்படி அமைதியா போகாது. கோபப்படுவாங்க, அழுவாங்க, அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க ஷீட்டோட போங்க, தீர்வோட போகணும்னு இல்ல.

முதல் ஆளுக்கு அப்புறம் முடிஞ்சா ஒரு சின்ன குழு. தொழில் பண்றவங்க 6, 7 பேர், மாசம் ஒரு தடவை, ஒருத்தருக்கொருத்தர் போட்டியா இல்லாத தொழில். ரெண்டே விதி: இங்க பேசினது வெளிய போகாது, அறிவுரை கிடையாது, "எனக்கு இப்படி ஆச்சு, நான் இப்படி பண்ணேன்"னு சொந்த அனுபவம் மட்டும்.

ஸ்டெப் 5: பார்ட்னர் இருந்தா

கணக்கு வழக்கு இல்லாம வாரம் 45 நிமிஷம் ரெண்டு பேரும் பேசுங்க. இந்த வாரம் எது உறுத்துச்சு, என்கிட்ட சொல்லாம விட்டது என்ன, அவ்வளவுதான். நான் பாத்த பிரிவுகள் பலதுல சண்டை பணத்துல ஆரம்பிக்கல, "நான் மட்டும் மாடா உழைக்கறேன்"னு ரெண்டு பேரும் தனித்தனியா நினைச்சுட்டு வாய் திறக்காம இருந்ததுல ஆரம்பிச்சுது. யார் எந்த வேலை, யார் விலகினா என்ன கணக்குங்கறதையும் நல்லா இருக்கறப்பவே எழுத்துல போட்டுடுங்க.

ஸ்டெப் 6: நீங்க வேற, தொழில் வேற

சொல்றதுக்கு ஈஸி, செய்ய வருஷக்கணக்காகும். ஏன்னா நாமதான் பேர் வெச்சோம், நாமதான் முதல் பில் போட்டோம், பல பேருக்கு அது இன்னொரு குழந்தை. அதனால ஒரு கஸ்டமர் போனா "என்னை வேண்டாம்னுட்டாங்க"ன்னு வலிக்குது.

அந்த வலியோட அளவையும் தெரிஞ்சுக்கோங்க. கானமன், ட்வெர்ஸ்கிங்கற ரெண்டு சைக்காலஜிஸ்ட் 1979-ல வெளியிட்ட ஆய்வுல ஆரம்பிச்ச ஆராய்ச்சில, இழப்பு அதே அளவு லாபத்தைவிட சுமார் 2 மடங்கு பலமா உறைக்கும்னு சொல்றாங்க. ஒரே மாசத்துல 2 கஸ்டமர் வந்து ஒருத்தர் போனாலும் மனசுக்கு கணக்கு சமம்னு தோணிடும், போனவர் முகம்தான் ராத்திரி வரும். அதனால மாசக்கடைசில மனசைக் கேக்காம வந்தது போனது ரெண்டையும் எழுத்துல பாருங்க.

பேச்சுலயும் ஒரு பழக்கம் கொண்டுவாங்க. "நான் தோத்துட்டேன்"னு வாய்ல வந்தா அங்கேயே நிறுத்தி என்ன நடந்துச்சோ அதை மட்டும் சொல்லுங்க: "இந்த மாசம் 2 ஆர்டர் கேன்சல் ஆச்சு, ஒண்ணு விலையால, இன்னொண்ணு நாம லேட் பண்ணதால." இப்ப அதுல செய்யறதுக்கு ஒரு வேலை இருக்கு. அப்புறம் மார்க்கே இல்லாத ஒரு விஷயம் வாழ்க்கைல இருக்கட்டும். செடி வளக்கறது, பாட்டு கத்துக்கறது, பசங்களோட விளையாட்டு, எதுவா இருந்தாலும் சரி, ஆனா அதை பிசினஸா மாத்தலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சா அது போச்சு.

நல்ல விலைக்கு கம்பெனியை வித்துட்டு மாசக்கணக்கா வெறுமைல உட்கார்ந்திருந்த ஒருத்தரை எனக்கு தெரியும். பணம் இருந்துச்சு, காலைல எழுந்தா போறதுக்கு இடம் இல்ல, போன் அடிக்கல. ஜெயிச்சவங்களுக்கும் இந்த ஸ்டெப் வேணும்.

ஸ்டெப் 7: நாளுக்கு ஒரு முடிவு வைங்க

சம்பளத்துக்கு போறவங்களுக்கு ஆஃபீஸ் மூடும், நமக்கு மூடாது. நாமதான் மூடணும். ஒரு நேரம் வைங்க, அன்னிக்கு நின்னுபோன வேலையை ஒரு வரி எழுதுங்க, நாளைக்கு முதல் வேலை என்னன்னு ஒரு வரி எழுதுங்க, லேப்டாப்பை மூடி கண்ணுக்கு தெரியாத இடத்துல வைங்க. வேலை நேரம் முடிஞ்சு மனசும் வேலையை விட்டு வர்றவங்களுக்கு களைப்பு குறைவா இருக்குன்னு இந்த துறைல நிறைய ஆய்வு இருக்கு. வாரத்துல அரை நாளாவது போனை இன்னொருத்தர் கைல கொடுங்க. அப்படி கொடுக்க ஆளே இல்லைன்னா உங்க தொழிலோட பெரிய ஓட்டை அதுதான், அடுத்த 3 மாசத்துக்கு அந்த ஆளை தயார் பண்றதே வேலையா இருக்கட்டும்.

உடற்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிஷமாவது, வேகமா நடந்தா போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு அது.

ஸ்டெப் 8: மோசமான நாளுக்கு முன்னாடியே திட்டம் எழுதி வைங்க

பெரிய கஸ்டமர் போறது, முக்கியமான ஆள் ராஜினாமா, பேமெண்ட் வராம நிக்கறது, இதெல்லாம் வரும், எப்பன்னுதான் தெரியாது. "இது நடந்தா இதை செய்வேன்"னு முன்கூட்டியே எழுதி வெக்கற முறையை பீட்டர் கோல்விட்சர்ங்கற சைக்காலஜிஸ்ட் ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்கார். வெறுமனே முடிவெடுக்கறதைவிட இப்படி எழுதினது நடக்குது, ஏன்னா அந்த நேரத்துல புதுசா யோசிக்க வேண்டியதில்ல.

என்னோடதுல இருந்து சிலது: கெட்ட மெயில் வந்தா, பதில் டைப் பண்ணலாம், அனுப்பறது மறுநாள் காலைல. சம்பளத்துக்கு பணம் பத்தாதுன்னு தெரிஞ்சா, 10 நாள் முன்னாடியே டீம்கிட்ட தேதியோட சொல்லிடுவேன், கடைசி நாள் வரைக்கும் இழுக்க மாட்டேன். நெஞ்சு படபடத்தா, மூக்கால ஒரு மூச்சு முழுசா இழுத்து, அதுக்கு மேலயே இன்னொரு சின்ன மூச்சு இழுத்து, வாயால மெதுவா நீளமா விடறது, 5 நிமிஷம். இந்த மூச்சு முறையை 2023-ல ஸ்டான்ஃபோர்ட்ல சோதிச்சு பாத்தாங்க, தினமும் 5 நிமிஷம் ஒரு மாசம் செஞ்சவங்களுக்கு மனநிலை நல்லா முன்னேறிச்சு.

ஸ்டெப் 9: டாக்டர்கிட்ட எப்ப போகணும்

மனசு இறங்கிப்போய் 2 வாரத்துக்கு மேல அப்படியே இருக்கு, எழுந்து வேலைக்கு போறதே மலை ஏறற மாதிரி இருக்கு, தூங்கறதுக்கு குடிக்க வேண்டியிருக்குன்னா போயிடுங்க. குடி சீக்கிரம் தூங்க வெக்கற மாதிரி தெரியும், ஆனா பின்ராத்திரி தூக்கத்தை உடைக்கும், மனச்சோர்வை கூட்டும்.

பேசி வழிகாட்டறது கவுன்சிலர். சோதிச்சு முறையான பேச்சு சிகிச்சை கொடுக்கறது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மருந்து எழுதறது சைக்யாட்ரிஸ்ட். எங்க போறதுன்னு புரியலைன்னா வழக்கமா பாக்கற குடும்ப டாக்டர்கிட்டயே ஆரம்பிக்கலாம். போறப்ப பிஹெச்க்யூ-9 பேப்பர், 2 வாரத் தூக்கக் குறிப்பு, எடுத்துக்கற மருந்துகள் லிஸ்ட் கொண்டு போங்க. மனச்சோர்வு மருந்து கொடுத்தா பலன் தெரிய பல வாரம் ஆகும், நல்லாயிட்டேன்னு நீங்களா டக்குனு நிறுத்தக்கூடாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இதை யாரும் பேசறதில்ல. பல நாளா 3 மணி நேரம்தான் தூங்கறீங்க ஆனா களைப்பே இல்ல, மண்டைல ஐடியா கொட்டுது, பேச்சு நிக்கல, இருக்கற பணத்தை எல்லாம் புது புது விஷயத்துல போடறீங்கன்னா, தொழில்காரங்க அதை "செம ஃபார்ம்ல இருக்கேன்"னு நினைச்சுக்குவாங்க. அது மனநிலை ஒரேயடியா ஏறி இறங்கற பைபோலார்ங்கற நோயோட ஏத்தமான பக்கமா இருக்கலாம். இப்படி ஒரு காலம் இருந்திருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, கொடுக்கற மருந்தே மாறும்.

சாகலாம்ங்கற எண்ணம் வருதுன்னா, அதுவும் எப்படின்னு யோசிக்கற அளவுக்கு போயிட்டீங்கன்னா, இன்னிக்கே. நாளைக்கு இல்ல. தனியா இருக்காதீங்க, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட அந்த வார்த்தையாலயே சொல்லுங்க, ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டற மாதிரி வெச்சுக்காதீங்க, உங்க நாட்டோட அவசர எண்ணுக்கோ தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைனுக்கோ கூப்பிடுங்க, இல்லைன்னா பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க. கடனை தள்ளிப்போட வழி இருக்கு, கம்பெனியை மூட வழி இருக்கு, திவாலுக்குகூட சட்டத்துல வழி இருக்கு. உங்களை திருப்பிக் கொண்டுவர உங்க பசங்களுக்கு எந்த வழியும் இருக்காது. "நான் போயிட்டா கடனும் போயிடும், அவங்க நிம்மதியா இருப்பாங்க"ன்னு அந்த நேரத்துல மனசு சொல்லும். அது நோய் பேசற பேச்சு, அந்த கணக்கு தப்பு.

வேற ஒருத்தருக்காக இதை படிக்கறவங்க இருந்தா, நேராவே கேளுங்க: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது. பல பேருக்கு அப்பத்தான் மூச்சே வரும்.

ஸ்டெப் 10: மூடறதா, தொடர்றதா

இதுவரைக்கும் போட்ட பணத்துக்காக மட்டும் ஒரு விஷயத்தை விடாம பிடிச்சுட்டு இருக்கறது மனுஷ சுபாவம். அதனால நிம்மதியான நாள்லயே எழுதி வைங்க: எந்த தேதிக்குள்ள எந்த நம்பர் வரலைன்னா மூடுவேன், கடன் எந்த அளவை தாண்டினா மூடுவேன். ஸ்டெப் 4-ல சொன்ன அந்த ஆள்கிட்ட ஒரு காப்பி கொடுங்க. அந்த தேதி வர்றப்ப "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்"னு நீங்க சொல்வீங்க, அப்ப அந்த பேப்பரை எடுத்து காட்டறதுதான் அவங்க வேலை.

மூடறதுன்னு முடிவானா கைல கொஞ்சம் பணம் இருக்கறப்பவே மூடுங்க, வேலை பாத்தவங்க சம்பளத்தை செட்டில் பண்ண முடியும், கடன் கொடுத்தவங்க முகத்தைப் பாத்து பேச முடியும். வக்கீலையும் கணக்கரையும் முதல்ல பாருங்க, அப்புறம் டீம்கிட்ட நேர்ல சொல்லுங்க. அதுக்கப்புறம் துக்கம் வரும், நெருங்கின யாரோ போன மாதிரியே இருக்கும். அந்த வாரத்துலயே அடுத்த தொழில் ஆரம்பிக்க வேண்டாம்.

ஸ்டெப் 11: 3 மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டெப் 1-க்கு திரும்புங்க

காலண்டர்ல போட்டு வைங்க, கேள்வித்தாள் ரெண்டும் சேர்த்து 10 நிமிஷம் ஆகும். மார்க்கை தேதியோட எழுதி, அந்த ஒரு ஆளுக்கு அனுப்புங்க. நான் போன தடவை போட்டப்ப 11 வந்துச்சு, அந்த நேரத்துல தொழில் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. மனைவிகிட்ட பேப்பரை காட்டினேன், அவளே போன் பண்ணி வியாழக்கிழமைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டா.